மாரடைப்பு, புற்றுநோய் இரண்டையும் சேர்த்துத் தடுக்க எது உதவும்? ஆஸ்பிரின், ஸ்டாட்டின், கொல்கிசின், அல்லது மாத்திரையே இல்லாத வழி

“அப்பாவுக்கு மாரடைப்பு, பெரியம்மாவுக்குக் குடல் புற்று. எனக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஏதாவது ஒரு மாத்திரை இருக்கிறதா?” உறவுமுறையை மட்டும் மாற்றி மாற்றி இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். சிலர் கேட்பதோடு நிற்பதில்லை, மருந்துக்கடையில் ஆஸ்பிரின் 75 ஒரு அட்டை வாங்கி, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று தாங்களாகவே ஆரம்பித்தும் விடுகிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். புகையிலைப் பழக்கம் இருந்தால் அதை விடுவதுதான் முதல் வேலை. அதன் பக்கத்தில்கூட எந்த மாத்திரையும் வராது. அடுத்தது இடுப்புச் சுற்றளவு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் அருமையான மருந்து, ஆனால் அது இதயத்துக்கு மட்டும்தான். கொல்கிசின் என்ற பழைய மூட்டுவலி மாத்திரை இதய மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் சரி, புற்றுக்கு அதை நம்பி இருக்க முடியாது. ஆஸ்பிரினை யாரும் தானாக ஆரம்பிக்கக் கூடாது.

கேள்வி ஒன்றும் அபத்தமானதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாரடைப்பு என்றால் குழாய் அடைப்பு, புற்று என்றால் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இதயக் குழாயில் நடப்பது, தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதைப் போன்ற வெறும் படிவம் இல்லை. எல்.டி.எல். என்ற ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ துகள்கள் ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள், விழுங்கி விழுங்கி நகர முடியாமல் அங்கேயே தங்கிப்போய், இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6 போன்ற ரசாயனங்களை வெளியிட்டு இன்னும் ஆட்களைக் கூப்பிடுகின்றன. அந்தச் செய்தி கல்லீரலுக்கும் போய்ச் சேர்ந்து, அது சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. உடலின் எதிர்ப்புப் படை இப்படிக் கிளம்பி நிற்பதுதான் அழற்சி, ரத்தப் பரிசோதனையில் அழற்சி என்று நாம் அளப்பது இந்தப் புரதத்தைத்தான். இப்போது ஒரு புற்றுக்கட்டிக்குள் போய்ப் பாருங்கள்: அதே மேக்ரோஃபேஜ்கள், பெரும்பாலும் அதே இன்டர்லூக்கின்கள். அங்கே அவை கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய் முளைக்கவும் செல்கள் வேறிடம் பரவவும் துணைபோகின்றன.

இதைவிட நேரடியான இணைப்பு ஒன்று எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் வியப்பான பகுதி இதுதான். வயது ஏற ஏற, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல் ஒன்றில் டெட்2, டி.என்.எம்.டி.3ஏ போன்ற மரபணுக்களில் ஒரு பிழை விழுகிறது. அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகள் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகி, ரத்தத்தில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. 70 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துக்கு ஒருவருக்காவது இது இருக்கிறது என்று 2014-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இது ரத்தப் புற்றின் முதல் படி என்றுதான் எல்லோரும் கவலைப்பட்டார்கள், ஆனால் ஆண்டுக்கு 100 பேரில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களிடம்தான் அது புற்றாக மாறுகிறது. 2017-இல் வந்த முடிவு வேறு பக்கம் திரும்பியது: இந்தப் பிழை உள்ளவர்களுக்கு இதயக் குழாய் நோய் வரும் ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எலிகளில் டெட்2 பிழையை உண்டாக்கிப் பார்த்தபோது, அந்த மஜ்ஜையிலிருந்து வந்த மேக்ரோஃபேஜ்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அளவுக்கு மீறிக் கொட்டின, குழாயில் படிவம் வேகமாக வளர்ந்தது. அதாவது புற்றுக்கு வித்திடும் ஒரே மரபணுப் பிழை, புற்று வருவதற்கு முன்பே இதயத்தைப் பதம் பார்க்கிறது.

மூன்றாவது இணைப்பு தொப்பை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது இன்டர்லூக்கின்-6 சுரக்கிறது, இன்சுலினை மந்தமாக்கி ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடுகிறது, மாதவிடாய் நின்ற பெண்களில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்திக்கும் உடலின் கொழுப்புதான் முக்கிய இடம். கூடுதல் இன்சுலின் செல் பெருக்கத்துக்கு எண்ணெய் ஊற்றும், கூடவே ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எல்லாம் ஏறும்.

இவ்வளவு படித்ததும், அழற்சியை ஒரு மாத்திரையால் அடக்கினால் இரண்டும் அடங்கும் என்று தோன்றுவது இயல்பு. இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏனென்றால் பொதுவாக இல்லாதவையும் நிறைய இருக்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தடுக்கும் தடுப்பூசியைப் போட்டால் அதை இதயத்துக்கான தற்காப்பாக யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்.டி.எல். குறைந்தால் மாரடைப்பு குறையும், புற்று குறையாது. ஆக, ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்வியோடு பார்க்க வேண்டும்: இதயத்துக்கு உதவுகிறதா, புற்றுக்கும் உதவுகிறதா, அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன.

ஆஸ்பிரினிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் காகிதத்தில் இதுதான் சரியான ‘இரண்டுக்கும் ஒன்று’. ரத்தத்தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுத்து உறைகட்டி உருவாவதைக் குறைக்கிறது. அதே தட்டுகள், ரத்தத்தில் மிதந்து போகும் புற்றுச் செல்லைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாமல் மறைக்கவும் செய்கின்றன என்பதால், அங்கேயும் பயன் இருக்க வேண்டும். பரம்பரையாகக் குடல் புற்று வரும் லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தினம் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த கேப்-2 ஆய்வில் குடல் புற்று உண்மையிலேயே குறைந்தது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2016-இல், 50 முதல் 59 வயது வரை இதய ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு, இதயத்துக்கும் குடல் புற்றுத் தடுப்புக்கும் சேர்த்தே குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பரிந்துரைத்தது.

அப்புறம் 2018-இல் ஆஸ்ப்ரீ என்ற ஆய்வின் முடிவு வந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்கள், பெரும்பாலோர் 70-ஐத் தாண்டியவர்கள், யாருக்கும் அதற்கு முன் மாரடைப்பு வந்ததில்லை. தினம் 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் கவனிக்கும்படி குறையவில்லை, கடுமையான ரத்தக்கசிவு 38 சதவீதம் கூடியது, புற்றால் இறந்தவர்கள் குறைவதற்குப் பதிலாகக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தார்கள். இந்தக் கடைசி முடிவை ஆய்வாளர்களே எதிர்பார்க்கவில்லை, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அவர்களே எச்சரித்தார்கள். எப்படியானாலும் 2022-இல் அதே அமெரிக்கக் குழு, 60 வயதுக்கு மேல் தடுப்புக்காக ஆஸ்பிரினைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்று மாற்றிச் சொன்னது, குடல் புற்றுக்கான பரிந்துரையையும் எடுத்துவிட்டது.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் கணக்கு வேறு, அங்கே ஆஸ்பிரின் உயிர் காக்கும் மருந்து. நான் சொல்வது எந்த நோயும் இல்லாமல், அட்டை வாங்கித் தானாகச் சாப்பிடுபவர்களை. வயிற்றுப்புண் இருப்பது தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்து, ஒரு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும்போதுதான் விஷயம் புரியும்.

ஸ்டாட்டினைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் பெருமை. 39 மில்லிகிராம் அளவுக்கு எல்.டி.எல். இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. புற்று? 27 ஆய்வுகளில் பங்கெடுத்த சுமார் 1,75,000 பேரின் தகவலைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வெளியான அலசலில், ஸ்டாட்டினால் புற்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ‘கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் கேன்சர் வரும்’ என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்திக்கும், ‘கேன்சருக்கும் நல்லதாம்’ என்ற செய்திக்கும் சேர்த்து இது பதில். எல்.டி.எல். அதிகமாக இருந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். இரண்டு நோயையும் ஒரே மருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருப்பதைவிட, ஒன்றையாவது உருப்படியாகப் பார்த்துக்கொள்ளும் மருந்து மேல்.

சரி, அழற்சியையே நேராக அடித்தால்? அதற்கும் சோதனை நடந்திருக்கிறது, அதுவும் பிரமாதமாக. அமெரிக்க இதய மருத்துவர் பால் ரிட்கர் தலைமையில் நடந்த கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து சி.ஆர்.பி. இன்னும் உயர்ந்தே இருந்த 10,061 பேருக்கு, இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் முடக்கும் கனாகினுமாப் என்ற ஊசியையோ வெறும் ஊசியையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள். 2017-இல் முடிவு வந்தது. கொலஸ்ட்ரால் துளிகூட அசையாமலேயே, 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தன. அதோடு போகவில்லை: 300 மில்லிகிராம் போட்டவர்களிடம் நுரையீரல் புற்று மூன்றில் இரண்டு பங்கு குறைவாகத் தெரிந்தது. இதய நோய்க்காகச் செய்த ஆய்வில் புற்று குறைந்தது என்ற செய்தி அப்போது இரண்டு துறைக்காரர்களையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

அதன் பிறகு நடந்ததை யாரும் அவ்வளவாகப் பகிர்வதில்லை. கிருமித்தொற்றால் இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் அதிகம். மொத்த மரணக் கணக்கில் வித்தியாசமே இல்லை. இதய நோய்க்கான அனுமதியை அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் தரவில்லை. நுரையீரல் புற்று ஏற்கெனவே வந்தவர்களுக்குச் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் தோற்றன. அழற்சியைப் பொதுவாகக் குறைக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் இதயத்துக்கு எந்தப் பலனும் கிடைக்கவில்லை. ஆக, ‘அழற்சி’ என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பது ஒரே கதவு இல்லை. எந்த மருந்து எந்த இடத்தைத் தடுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். மஞ்சள் மாத்திரை, மீன் எண்ணெய், ‘அழற்சி எதிர்ப்பு டீ’ என்று விற்பவர்கள் இந்தக் கேன்டோஸ் கதையைத் தங்கள் விளம்பரத்தில் இழுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கனாகினுமாப் விலை எட்டாத உயரத்தில் இருக்க, இதய மருத்துவர்கள் கையில் எடுத்தது பழைய, மலிவான கொல்கிசினை. கௌட் என்ற மூட்டுவலிக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. இதில் நம் ஊர்ச் சம்பந்தம் ஒன்று உண்டு: கொல்கிசின் கிடைக்கும் செடிகளில் ஒன்று நம் மாநில மலரான செங்காந்தள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கொடி ஏறப் பந்தல் போட்டு, பூக்கும் நாட்களில் காலையிலேயே ஆட்கள் இறங்கி, ஒவ்வொரு பூவின் மகரந்தத்தையும் கையால் எடுத்துச் சூல்முடியில் தடவினால்தான் காய் ஒழுங்காகப் பிடிக்கும். அந்த விதைதான் மருந்து கம்பெனிகளுக்குப் போகிறது. கிழங்கு கொடிய விஷம், அதைச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு என்பதால், ‘இயற்கை மருந்துதானே’ என்று யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

நாள்பட்ட இதயக் குழாய் நோய் உள்ள 5,522 பேருக்குத் தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்த லோடோகோ-2 ஆய்வில் (2020) மாரடைப்பு உள்ளிட்டவை 31 சதவீதம் குறைந்தன. 2023-இல் அமெரிக்காவில் இதய நோய்க்கே அனுமதியும் கிடைத்தது. ஆனால் மாரடைப்பு வந்த உடனேயே கொடுத்துப் பார்த்த, 2024-இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. புற்றைத் தடுக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் மாதிரியான சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தால் யாருக்கும் இது ஆபத்தாக முடியலாம். ஸ்டென்ட் வைத்தவர் தன் மருத்துவரிடம் ‘எனக்குக் கொல்கிசின் பொருந்துமா’ என்று கேட்கலாம், அதோடு சரி.

இனி மாத்திரை இல்லாத பக்கம். புகையிலை. இதைச் சொன்னதும் ‘இதுதான் தெரியுமே’ என்று தாண்டிப் போவார்கள், ஆனால் இரண்டு நோய்களும் புகையிலைக்கு வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டுகின்றன என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம். நுரையீரல் புற்றின் ஆபத்து எத்தனை குடிக்கிறோம், எத்தனை வருடம் குடிக்கிறோம் என்பதோடு கிட்டத்தட்டச் சேர்ந்தே ஏறுகிறது. இதயம் அப்படி இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2018-இல் வெளியான அலசலில், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்கும், இருபது குடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறத்தாழப் பாதி வந்துவிடுகிறது. கொஞ்சம் புகையே ரத்தக்குழாயின் உள்படலத்தைக் கெடுக்கவும் தட்டுகளை ஒட்ட வைக்கவும் போதும். ‘பத்திலிருந்து ரெண்டாகக் குறைத்துவிட்டேன்’ என்று பெருமைப்படும் அண்ணன்கள், புற்று ஆபத்தை நிஜமாகவே குறைத்திருக்கலாம், மாரடைப்பு ஆபத்தை அவ்வளவாக அசைக்கவில்லை. பீடிக்கும் இதில் விலக்கில்லை.

விட்ட பிறகு கிடைக்கும் பலனும் இதேபோல இரண்டு வேகத்தில் வருகிறது. இதயத்தின் கூடுதல் ஆபத்து ஓராண்டில் பாதியாகிறது. நுரையீரல் புற்றின் ஆபத்து பாதியாக ஏறக்குறைய பத்தாண்டு ஆகும், ஏனென்றால் செல்லின் மரபணுவில் ஏற்கெனவே விழுந்த கீறல்கள் அழிவதில்லை. ஐம்பதில் விடுபவருக்கு ஐம்பத்தொன்றில் ஒரு லாபம், அறுபதில் இன்னொரு லாபம். மெல்லும் புகையிலை, உதட்டுக்குள் அடக்கும் பொட்டலம் எல்லாம் புகை இல்லாததால் பரவாயில்லை என்பதும் தவறு. 2016-17 கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் அதைத்தான் பயன்படுத்தினார்கள், நம் நாட்டில் வாய்ப் புற்று இவ்வளவு இருப்பதற்கு முக்கியக் காரணமும் அதுதான்.

இடுப்புச் சுற்றளவை இரண்டாவதாக வைக்கிறேன். உலக சுகாதார அமைப்பின் புற்று ஆய்வு நிறுவனம் 2016-இல், உடல்பருமனோடு தொடர்புள்ள புற்றுகள் 13 வகை என்று பட்டியலிட்டது. குடல், கருப்பை, சிறுநீரகம், கணையம், கல்லீரல், மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்று எல்லாம் அதில் உண்டு. இந்தியர்களுக்கு எடை சாதாரணமாகவே இருந்தும் தொப்பை மட்டும் இருப்பது சகஜம் என்பதால் எடை பார்க்கும் மெஷினை நம்ப வேண்டாம். டேப்பை எடுங்கள். பேன்ட் அளவு கணக்கில்லை, அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் படியுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்க இதயச் சங்கம் இதயத்துக்காக வகுத்த ஏழு அளவுகோல்களை (புகை, எடை, உடற்பயிற்சி, உணவு, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை) எடுத்துக்கொண்டு, 13,253 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஆறோ ஏழோ சரியாக இருந்தவர்களுக்கு, ஒன்றுமே சரியாக இல்லாதவர்களைவிடப் புற்று பாதியளவுதான் வந்தது. கவனித்துப் பார்த்த ஆய்வுதான், மருந்துச் சோதனை மாதிரி உறுதியானதில்லை. ஆனாலும் இதயத்துக்காகப் போட்ட பட்டியல் புற்றிலும் இவ்வளவு வேலை செய்வது சும்மா இல்லை. எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியும் இந்த வரிசையில் இப்போது சேர்ந்திருக்கிறது: சர்க்கரை இல்லாத, ஆனால் இதய நோயும் கூடுதல் எடையும் உள்ள 17,604 பேரில் மாரடைப்பு உள்ளிட்டவை 20 சதவீதம் குறைந்தன (2023). புற்று விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை, செலவும் மாதாமாதம் வரும்.

மதுவுக்கு ஒரு பத்தி போதும். ‘ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்ற பேச்சு நாளுக்கு நாள் பலவீனமாகிக்கொண்டே வருகிறது, புற்றில் அதற்கு எந்த நல்ல பெயரும் இருந்ததே இல்லை. உடம்புக்குள் அது அசிடால்டிஹைடாக மாறி நேராக மரபணுவைத் தாக்குகிறது. ஒயினாக இருந்தாலும் டாஸ்மாக் சரக்காக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஒன்றுதான்.

ஏற்கெனவே புற்று வந்தவர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. டாக்ஸோரூபிசின் மாதிரியான கீமோ மருந்துகள் இதயத் தசையையே பலவீனப்படுத்தலாம், இடதுபக்க மார்பகத்துக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு இதயத்திலும் கொஞ்சம் படும். அவர்கள் கீமோவுக்கு முன்னால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்களா, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று கேட்பதுதான் முதல் வேலை. ‘கேன்சரே வந்தாச்சு, இனி கொலஸ்ட்ரால் என்ன’ என்று ஸ்டாட்டினைத் தாங்களாக நிறுத்துகிறவர்களும் உண்டு. குணமாகி நெடுநாள் வாழ வாய்ப்பிருப்பவர்கள் அதைச் செய்யக் கூடாது.

கடைசியாக டெஸ்ட். ‘இதயம் ப்ளஸ் கேன்சர்’ என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். அதில் சி.ஏ-125, சி.இ.ஏ. போன்ற கட்டிக் குறியீடுகள் (சில புற்றுகளில் ரத்தத்தில் ஏறும் புரதங்கள்) இருந்தால், நோய் அறிகுறி இல்லாதவருக்கு அவை வீண். சி.இ.ஏ. புகைப்பவர்களுக்குப் புற்று இல்லாமலேயே கூடுதலாக இருக்கும், அப்புறம் ஸ்கேன், அலைச்சல், தூக்கமில்லாத இரவுகள். மஜ்ஜை மரபணுப் பிழையைக் கண்டுபிடிக்கும் சோதனையும் இப்போதைக்குத் தேவையில்லை, இருப்பது தெரிந்தாலும் அதற்கென்று தரும் மருந்து இல்லை. அந்தக் காசுக்கு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ரத்த அழுத்தம் பாருங்கள். பெண்கள் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனையும், புகையிலை போட்டவர்கள் ஒரு பல் மருத்துவரிடம் வாய்க்குள் முழுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சி.ஆர்.பி. பார்ப்பதென்றால் ‘ஹை சென்சிடிவிட்டி’ வகையைக் கேட்டு எடுங்கள். சளி, காய்ச்சல், பல்வலி இருக்கும் வாரத்தில் எடுத்தால் எண் கன்னாபின்னாவென்று ஏறியிருக்கும், இதயத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. உடம்பு சரியாகி இரண்டு மூன்று வாரம் கழித்துப் போங்கள்.